அக்காவின் பலகையும் அத்தானின் இரண்டு தண்டவாளமும்

என் அக்காவுக்கு ரயில் பிடிக்காது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏனென்றால் அவளைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் ரயில் ஓடும் ஓர் அறையில் நடக்கிறது. படிப்பவர்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வருஷக்கணக்காக அடுத்தவர் தப்பைத் தேடியே சாப்பிட்டவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பைத்தியம் பிடித்தவர் என் அத்தான். கல்யாணமான மறுவாரமே ஒரு மரப்பெட்டி நிறைய பொம்மை எஞ்சின்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதற்குப் பொருந்துகிற மாதிரி பல்லும் ஈறும் செய்து கொடுப்பார். பகலெல்லாம் முகம் தெரியாத யாருடைய கடைவாய்ப் பல்லையோ அரத்தால் ராவுவார், வீட்டுக்கு வந்து ரயில் சக்கரத்தை ராவுவார். "ரெண்டுக்கும் ஒரே அரமா அத்தான்?" என்று கேட்டால், "கழுவிட்டுத்தான்டா" என்பார். எதைக் கழுவிவிட்டு எது என்று இன்றுவரை சொன்னதில்லை.

அக்கா ஒரு துணி ஆலையில் தொலைபேசிப் பலகையில் இருந்தாள். நிமிர்ந்து நிற்கும் பெரிய மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், கீழே நுனியில் பித்தளை வைத்த சிவப்பு, பச்சை வயர்கள். யாராவது கூப்பிட்டால் அந்தத் துளைக்கு மேல் சின்ன விளக்கு எரியும். அக்கா ஒரு வயரைச் செருகி, "சொல்லுங்க, எந்த லைன் வேணும்?" என்று கேட்டு, இன்னொரு வயரை வேறு துளையில் செருகி, "இணைச்சாச்சு, பேசுங்க" என்பாள். இருபத்தாறு வருஷம் இதுதான் வேலை. சாயப் பட்டறை மேஸ்திரியின் இருமலையும் முதலாளியின் மூச்சையும் தனித்தனியாக அடையாளம் சொல்வாள். யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்பது ஆலைக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான், தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டாள். கூடப் பிறந்தவன் நான், அதை ஊகித்தே எனக்கு முடி நரைத்தது.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே ஒரு சலவைக்கடை. ஜன்னலைத் திறந்தால் நீராவியும் சோப்பு வாசனையும் மேலே வரும். கடைசி அறையில் சுவரோடு சுவராகப் பலகை அடித்து, அதன் மேல் ரயில். அந்தக் காலத்து ரயிலுக்கு மூன்று தண்டவாளம். ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. எஞ்சினின் வயிற்றில் ஒரு தகடு தொங்கும், அது நடுக்கம்பியை உரசிக்கொண்டே போய்க் கரண்டை வாங்கிக்கொள்ளும். உரசும் இடத்தில் பொறி பறக்கும். சூடான டிரான்ஸ்பார்மரும் எண்ணெயும் பொறியும் சேர்ந்த ஒரு மணம். இப்போதும் எங்காவது பழைய மிக்சி சூடேறினால், எனக்கு அந்த அறையும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் வந்து நிற்கின்றன. மனசு என்னவோ செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் போய்விடுவேன். ஒரு ரயில் அத்தானுக்கு, ஒன்று எனக்கு, ஆளுக்கொரு வேகக் குமிழ். அக்காவுக்கு ரயில் கிடையாது. அவளுக்கு ஒரு பலகை இருந்தது. அத்தான் தண்டவாளத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டு விளக்குக்குப் போடுகிற சாதாரண ஸ்விட்ச் வைத்திருந்தார். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பகுதி அத்தானின் கைக்கு, அந்தப் பக்கம் தட்டினால் என் கைக்கு. இரண்டு வட்டத்தையும் சேர்க்கும் ஒற்றைப் பாதைதான் நாலாம் பகுதி. சண்டையெல்லாம் அதற்குத்தான்.

"நாலு குடு" என்பார் அத்தான்.

"இருங்க, தம்பி வண்டி இன்னும் வெளியே வரல."

"அவன் ஓட்டறது வண்டியா, நத்தையா?"

"இப்ப வந்துடுச்சு. குடுத்தாச்சு, போங்க."

அந்த 'குடுத்தாச்சு' ஆலையின் குரல். கழுத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வாள். ஒரு நாளும் இரண்டு ரயிலை மோதவிட்டதில்லை. எங்கள் இரண்டு பேருடைய பொறுமையின் அளவும் அவளுக்குத் தெரியும்.

பிறகு ஆலையில் தானியங்கி இணைப்பகம் வந்தது. பீரோ அளவுக்கு ஒரு சாம்பல்நிறப் பெட்டி. அதைப் பொருத்திய இளம் பொறியாளர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாராம், நல்ல மனுஷன்தான். "இனிமே இங்க யாரும் உட்கார வேண்டாம் மேடம். எல்லாத்தையும் இதுவே பார்த்துக்கும்" என்று மகிழ்ச்சியோடு சொன்னாராம். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதை அவள் மாட்டவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அத்தானிடம், "ரிடையர் ஆயிட்டேன், நிம்மதி" என்றாள். அந்தப் பொறியாளர் சொன்ன வார்த்தையை என்னிடம் மட்டும், அதுவும் ஏழெட்டு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சட்டையை இரண்டாம் தடவை மடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதனோடும் இணைக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது அந்தக் கடைசி அறை. எனக்கு அது தெரியும். அத்தானுக்குத் தெரியாது. தனக்காக ஒரு பெண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையை வீணடிக்கிறாளே என்று அவர் பாட்டுக்கு உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று தண்டவாளத்துக்கு வயசாகிவிட்டது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இணைப்புகள் துருப்பிடித்து, எஞ்சின் இரண்டடிக்கு ஒருமுறை விக்கியது. அத்தானுக்கு வேறொரு பழைய ஏக்கமும் உண்டு. "எந்த நாட்டு ரயிலுக்குடா நடுவில மூணாவது கம்பி இருக்கு? பொம்மைன்னு எழுதி ஒட்டின மாதிரி" என்பார். இரண்டு தண்டவாளத்துக்கு மாறுவது என்று முடிவாயிற்று.

மாறுவது என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்து போடுவதல்ல. இரண்டு தண்டவாள முறையில் ஒரு கம்பியில் கரண்ட் வரும், மறு கம்பியில் திரும்பும். பழைய சக்கரங்களோ அச்சோடு சேர்த்து முழு இரும்பு, வைத்த உடனே இரண்டு கம்பியையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் கரண்ட் கடக்காத ஒரு வளையம் வேண்டும். அத்தான் அதைப் பல்செட்டுக்கு ஈறு செய்கிற பொருளில் செய்தார். நூற்றுப் பன்னிரண்டு சக்கரத்துக்கும் ரோஸ் நிற வளையம். ரயில் போகும்போது குனிந்து பார்த்தால் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். ஆறு மாதம் அந்த வேலை நடந்தது. அந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை ரயில் இல்லை. அக்கா பழைய பலகையைத் துடைத்து அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

அடுத்த கேள்வி, எதை வைத்து ஓட்டுவது என்பது. நானும் அத்தானும் பொம்மை ரயில் கடைக்குப் போனோம். நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடும் மனிதர் கடைக்காரர். மூன்று வழி சொன்னார். ஒன்று, எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி. "ரயிலா, டார்ச் லைட்டா?" என்று அத்தான் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு, சாதாரண முறை. கம்பியில் எவ்வளவு கரண்ட் விடுகிறோமோ அவ்வளவு வேகம். இரண்டு ரயில் ஓட வேண்டுமானால் பழையபடி பகுதி பகுதியாக வெட்டி, யாராவது உட்கார்ந்து மாற்றிக்கொடுக்க வேண்டும். மூன்று, டிஜிட்டல். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சின்ன சில்லு, அதற்கு ஒரு நம்பர். கையடக்கக் கருவியில் நம்பரை அழுத்தினால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். பகுதியும் வேண்டாம், பலகையும் வேண்டாம்.

"ஒரே ஆள் நாலு ரயில் ஓட்டலாம் சார். பத்து நாள் வீட்டில வச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க" என்று ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டும். "மச்சான், உங்க அக்கா முப்பது வருஷமா எனக்காகப் பல்லைக் கடிச்சிக்கிட்டு அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கா. இனிமே அவளுக்கு விடுதலை" என்றார். பல்லைப் பற்றி அவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். வாய் நீளம் என்று பெருமையடித்துக்கொண்ட நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேஜைமேல் வைத்தார். அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"இதோ பாரு. இனிமே நீ உட்கார வேண்டாம். எல்லாத்தையும் இதுவே பார்த்துக்கும்."

அந்தப் பொறியாளர் சொன்ன அதே வார்த்தை. கடைசி வரியில் ஒரு எழுத்து மாறவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள்.

அடுக்களைக்குள் போனவளின் பின்னாலேயே நானும் போனேன். "ஏன்க்கா, சொல்லித்தொலைச்சா என்ன?"

"நீ சும்மா இரு. எவ்வளவு ஆசையாக் கொண்டுவந்திருக்கார். நான் வேண்டாம்னா அந்த நிமிஷமே திருப்பிக் குடுத்துடுவார். எனக்காக விட்டுக்குடுத்தேன்னு அவருக்கு மனசுக்குள்ள இருக்கும்."

"அவரும் இதையேதான் சொல்றார். உனக்காகத்தான் கொண்டுவந்தேன்னு."

"அப்ப சரியாப் போச்சு" என்று குழாயைத் திறந்துவிட்டாள்.

இருவரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியோடு அச்சகத்துக்குப் போய்விடலாமா என்று இருந்தது. அவ்வளவு கோபம். ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த அன்பு இப்படியும் வந்து முட்டும் என்று எனக்குத் தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை டிஜிட்டல் ஓடியது. குறை சொல்ல முடியாது. அத்தான் கட்டைவிரலால் அழுத்த அழுத்த, சில்லு பொருத்திய மூன்று எஞ்சினும் கட்டிப்போட்ட மாதிரி கேட்டன. எனக்குக்கூட வேலை இல்லை. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவள் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அத்தான் இரண்டு தடவை "நாலு கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இருபது நிமிஷத்தில் "தலைவலிக்குது" என்று அணைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு தப்பு வெளியே வந்தது. மூன்று தண்டவாளக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஜன்னலோரம் தண்டவாளம் பெரிய வளையமாகச் சுற்றி வந்து தன்னோடு தானே சேரும். ரயில் அதற்குள் போய்த் திரும்பி எதிர்த்திசையில் வந்துவிடும். அத்தான் பழைய வரைபடத்தைப் பார்த்து, அந்த வாரம்தான் அதை அப்படியே போட்டு முடித்திருந்தார். மூன்று தண்டவாளத்தில் அதில் ஒரு தொல்லையும் இல்லை, நடுக்கம்பி எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் நடுக்கம்பிதான். இரண்டில் அப்படியா? சுற்றி வரும்போது இடது கம்பி வலது கம்பியோடு போய் ஒட்டுகிறது. கரண்டைப் போட்டதும் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் ஓடிய பாதை! அத்தான் அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைக்காரரிடம் போனில் கேட்டார். வளையத்தின் இரண்டு முனையிலும் கம்பியை வெட்டிவிட வேண்டுமாம். அதைத் தானாகவே மாற்றிக்கொடுக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு, அடுத்த வாரம் வரும் என்றார். அத்தானுக்கு அடுத்த வாரம்வரை பொறுக்காது. பல் அறுக்கிற மெல்லிய ரம்பத்தால் கம்பியை வெட்டினார். வெட்டியது சரிதானா என்று பார்க்க, சாதாரண முறையில் ஒரு எஞ்சினைப் பூட்டினார். அதில் ரயில் முழுக்க வளையத்துக்குள் இருக்கும்போது, வெளியே உள்ள பாதையின் கரண்டை ஒரு ஸ்விட்ச் தட்டி இடம் வலமாக மாற்ற வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. ஸ்விட்ச் கதவுப் பக்கம், ஓட்டுகிறவர் ஜன்னல் பக்கம்.

"மச்சான், நீ தட்டு."

முதல் தடவை முந்திவிட்டேன். எஞ்சின் வளையத்துக்கு வெளியிலேயே நின்று பின்னால் ஓட ஆரம்பித்தது. இரண்டாம் தடவை பிந்திவிட்டேன், படாரென்று எல்லாம் செத்தது. மூன்றாம் தடவையும் பிந்தினேன். "புத்தகத்தில ஒரு கமா விடமாட்டே, இதில அரை ரயிலையே விட்டுடுறியே!" என்று அத்தான் கத்தினார். எனக்கும் ஏறிவிட்டது. "எனக்கு வராது. வர்றவங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே உரக்கக் கூப்பிட்டேன். "அக்கா!"

அவள் பட்டாணித் தோலோடு வந்தாள். அத்தான் விளக்கத் தொடங்கினார், வெட்டு, கம்பி, இடது, வலது என்று. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்விட்ச்மேல் விரலை வைத்தாள்.

"நீங்க வண்டியை எடுங்க."

எஞ்சின் வளையத்துக்குள் போனது. அவள் அதைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். கம்பியின் வெட்டுமேல் சக்கரம் ஏறும்போது 'டக்' என்றது. எஞ்சின், பெட்டி, பெட்டி, கடைசிப் பெட்டி. அத்தான் "இப்ப..." என்று வாயெடுப்பதற்குள் ஸ்விட்ச் விழுந்தது. ரயில் ஒரு சின்ன விக்கல்கூட இல்லாமல் சுற்றி வெளியே வந்தது.

"இணைச்சாச்சு" என்றாள் அக்கா. அவளுக்கே தெரியாமல் வந்த வார்த்தை. சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை" என்றார் அத்தான்.

இன்னொரு தடவை போனது. இன்னொன்றும். ஏழோ எட்டோ தடவை. அக்காவின் முகம் எனக்குச் சின்ன வயசில் பழக்கமான முகமாக மாறிக்கொண்டே வந்தது. அத்தான் ரயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். பிறகு ரயிலை நிறுத்தினார்.

"உனக்கு இது பிடிக்குமா?"

"ரயிலா? சுத்தமாப் பிடிக்காது."

"அப்புறம் ஏன் முப்பது வருஷமா வந்து உட்கார்ந்தே? எனக்காகப் பொறுத்துக்கிட்டுத்தானே?"

அவள் பட்டாணித் தோல் ஒன்றை விரலில் சுற்றினாள். கடவுளே, இவளை இன்றைக்காவது பேசவை என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

"ரயிலைத்தான் பொறுத்துக்கிட்டேன். வந்தது பலகைக்கு. நீங்க நாலு குடுன்னு கேப்பீங்கல்ல... ஆலையை விட்டு வந்தப்புறம் என்கிட்ட லைன் கேட்டது இந்த உலகத்தில நீங்க ஒருத்தர்தான்."

அத்தான் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து உள்ளே போனாள். தையல் சாமான் வைக்கும் தகர டப்பாவோடு வந்து, அடியில் நூல்கண்டுக்குக் கீழேயிருந்து எதையோ எடுத்து அவர் மடியில் வைத்தாள். நுனியில் பித்தளை வைத்த இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"கடைசி நாள் கைப்பையில போட்டுக் கொண்டுவந்துட்டேன். திருட்டுத்தான். இது உங்க ரயிலுக்குச் சேருமா பாருங்க."

பதினோரு வருஷம் அந்த டப்பா அந்த வீட்டில் இருந்திருக்கிறது. அத்தான் சட்டைக்குப் பட்டன் தைத்ததெல்லாம் அதிலிருந்துதான்.

மறுநாள் டிஜிட்டல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் பதறிவிட்டார். "என்ன சார், கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்லை. அருமையா ஓடுது. ஆனா ஒரு ஆளுக்கு வேலை இல்லாமப் போகுது."

"அதுதானே சார் வசதியே!"

"அதைத்தான் திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றார் அத்தான். கடைக்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.

புதுப் பலகையை அத்தான் மூன்று வாரத்தில் செய்தார். நிமிர்ந்து நிற்கிற பலகை, எட்டுத் துளை, துளைக்கு மேல் சின்ன விளக்கு. சிவப்பு வயர் செருகினால் அந்தப் பகுதி அவருக்கு, பச்சை செருகினால் எனக்கு. வளையத்தின் ஸ்விட்ச் அவள் இடது கைக்கு எட்டும் இடத்தில். மற்ற வயர்களெல்லாம் அவரே செய்தவை. ஆலையிலிருந்து வந்த ஜோடியை நாலாம் பகுதிக்கு என்று ஒதுக்கிவிட்டார். தானாக மாற்றும் அந்தச் சின்னப் பெட்டி வந்துவிட்டது என்று கடைக்காரர் இரண்டு தடவை போன் பண்ணினார். போய் வாங்கவே இல்லை.

முதல் ஞாயிறு பத்து மணிக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது, கீழேயிருந்து சோப்பு வாசனை. பழைய பொறியின் மணம் இல்லை, அது ஒன்றுதான் குறை. அக்கா தலை வாரி, ஆலைக்குப் போகிற மாதிரி கொண்டை போட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வண்டியை எடுத்தோம். என் ரயில் வழக்கம்போல நத்தை வேகத்தில் ஒற்றைப் பாதைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நாலு குடு" என்றார் அத்தான்.

அக்கா கழுத்தைத் திருப்பவில்லை.

"லைன்ல ஆள் இருக்கு. காத்திருங்க."

அத்தான் தன் வேகக் குமிழ்மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். நான் என் ரயிலை இன்னும் கொஞ்சம் மெதுவாக விட்டேன்.